தைரியம் சொல்ல வராதீர்கள்

“மனச மட்டும் விட்டுறாத தாயி. பாதி நோய் மனசுலதான் இருக்கு.”

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து சிகிச்சை முடியும் வரை பத்து மாதம் ஆயிற்று. அந்தப் பத்து மாதத்தில் இந்தப் பேச்சைப் பேசாமல் எங்கள் வீட்டுப் படியிறங்கிப் போனவர்கள் மிகக் குறைவு. சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஆசிரியர் சொன்னார். அக்கா சத்துணவு அமைப்பாளராக இருந்த பள்ளியின் தலைமையாசிரியை சொன்னார். யூடியூபில் பேசுகிறவர்கள் இதையே இன்னும் உறுதியாகச் சொன்னார்கள்: தைரியமாக இருந்தவர்கள் பிழைத்தார்கள், பயந்தவர்கள் போய்விட்டார்கள், வீட்டில் உள்ளவர்கள் சிரித்த முகத்தோடு இருந்தால் நோயாளியின் உடம்பே நோயை எதிர்த்து நிற்கும்.

இதைச் சொன்னவர்கள் எல்லோரும் அக்காவின் நலம் நாடியவர்கள்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் சொன்னது உண்மையில்லை. அது வெறும் ஆறுதல் பேச்சாக நின்றுவிடுவதும் இல்லை, கேடு செய்கிறது. ஒரு வீடு புற்றுநோய்ச் சிகிச்சையைத் தாண்டி வருவதற்கான பலம் மனசுக்குள் எங்கோ ஊறிக் கிடப்பதாக நம்புகிறோம். அது அங்கே இல்லை. வண்டி ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது, கஞ்சி காய்ச்சுகிறவர் கையில் இருக்கிறது, விடுப்பு கொடுக்கும் முதலாளியிடம் இருக்கிறது, தாசில்தார் ஆபீசில் வாங்க வேண்டிய வருமானச் சான்றிதழில் இருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு ராத்திரி தெரிந்துகொண்டேன்.

அக்காவுக்கு இரண்டாவது கீமோ ஏற்றிப் பத்தாவது நாள். அந்த வார்டில் எல்லோரும் ‘சிவப்பு மருந்து’ என்றுதான் அதைச் சொல்வார்கள். ஏறும்போது டியூபே ரோஜாப்பூ சர்பத் நிறத்தில் இருக்கும். சாத்தூரில் அக்கா வீட்டில் நான் படுத்திருந்தேன். அத்தான் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்; மாதக் கடைசி, வர நேரமாகும் என்று சொல்லியிருந்தார். தண்ணீர் குடிக்க எழுந்தபோது அடுக்களையில் விளக்கு எரிந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். தலையில் சுற்றியிருந்த துண்டு நழுவித் தோளில் கிடந்தது. உதடு நடுங்கியது. தொட்டேன், கொதித்தது.

“எப்ப இருந்துக்கா?”

“சாயங்காலம் இருந்து லேசா இருந்துச்சு. ஒண்ணுமில்லடா, காலைல சரியாயிரும்.”

“ஏன் சொல்லல?”

“எல்லாரும் தைரியமா இரு, தைரியமா இருங்காக. சும்மா சும்மா அது வலிக்கி இது வலிக்கினு சொன்னா மனச விட்டுட்டானு நெனப்பீக.”

தெர்மாமீட்டரை வைத்தேன். 101.6. ஆஸ்பத்திரியில் முதல் கீமோ முடிந்த அன்றே நர்ஸ் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்: 100.4க்கு மேல் போனால் எந்த நேரமானாலும் உடனே வரவும். அந்த அட்டை ஃபைலுக்குள் கிடந்தது. அத்தானைப் போனில் கூப்பிட்டு, தெருமுனை கார்காரரை எழுப்பி, மதுரை போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையணுக்கள் மொத்தமே 700. நல்ல உடம்புக்கு நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியது. ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற ஆரம்பித்தபோது பொழுது விடியவில்லை. ஆறு நாள் உள்ளே இருந்தாள்.

கீமோ மருந்து புற்று செல்களை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்வதில்லை. வேகமாகப் பெருகும் எல்லாச் செல்களையும் அடிக்கிறது: முடி வேர், வாய், குடல், எலும்பு மஜ்ஜை. மஜ்ஜை அடிபட்டால் வெள்ளையணு குறையும். பெரும்பாலும் மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் அது அடிமட்டத்துக்குப் போகும். அந்த நாட்களில் சாதாரணக் கிருமி போதும், சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவ. சீழ் பிடிக்கக்கூட வெள்ளையணு வேண்டும்; அது இல்லாததால் வீக்கமோ சீழோ பெரும்பாலும் வெளியில் தெரியாது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அந்த ஒரு அடையாளத்தைத்தான் என் அக்கா, தைரியசாலி என்று பெயரெடுப்பதற்காக, ஏழெட்டு மணி நேரம் மறைத்து வைத்திருந்தாள்.

“விதிவிலக்கான ஒரு சம்பவத்தை வைத்துப் பேசாதீர்கள், மன உறுதியால் ஆயுள் கூடும் என்று விஞ்ஞானமே சொல்லியிருக்கிறது” என்பார்கள். சொன்னது உண்மைதான், ஒரு காலத்தில். 1989இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். உடலின் பிற இடங்களுக்கும் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்கள். வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிப் பேசியவர்கள் சராசரியாக 36 மாதத்துக்கு மேலும், கூடாதவர்கள் சுமார் 19 மாதமும் வாழ்ந்தார்கள் என்பது முடிவு. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. இன்று தமிழில் புழங்கும் ‘மனமே மருந்து’ பேச்சில் பாதிக்கு ஏதோ ஒரு வகையில் வேர் அங்கே இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. 2001இல் கனடாவின் பமேலா குட்வினும் அவரோடு சேர்ந்தவர்களும் 235 பெண்களை வைத்து அதே முறையைச் சோதித்தார்கள். ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஸ்பீகலே 125 பெண்களோடு மறுபடி செய்து 2007இல் வெளியிட்டார். மொத்தத்தில் ஆயுள் நீளவில்லை. தன் முடிவைத் தானே திரும்பச் சோதித்து, கிடைத்ததை மறைக்காமல் எழுதிய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அதே 2007இல் ஜேம்ஸ் காய்ன் குழுவினர் தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 1,093 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை தொடங்கும்போது அவர்கள் மனநிலை எப்படி இருந்தது என்று பதிவாகியிருந்தது. ஆய்வுக் காலத்துக்குள் 646 பேர் இறந்துபோனார்கள். மனம் நன்றாக இருந்தவர்களுக்கும் சோர்ந்து கிடந்தவர்களுக்கும் உயிர்பிழைப்பதில் வேறுபாடு தெரியவில்லை.

குட்வின் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மை தவறியவன் ஆவேன். குழுவாகக் கூடிப் பேசிய பெண்களில், தொடக்கத்தில் மிகவும் துயரத்தில் இருந்தவர்களுக்கு மனவேதனையும் வலியும் குறைந்தன. ஆகவே மனத்துக்கு ஆறுதல் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அக்குழுக்களில் பெண்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. சாவைப் பற்றிப் பேசினார்கள், பிள்ளைகள் என்ன ஆவார்களோ என்ற பயத்தைச் சொன்னார்கள், அழுதார்கள். நாம் நம் வீடுகளில் எதை வாயைப் பொத்தி அடக்குகிறோமோ அதை அவர்கள் வெளியே கொட்டினார்கள். வேதனை குறைந்தது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

“கண்ணால் பார்த்திருக்கிறோமே, தைரியமாக இருந்தவர்கள்தான் பிழைத்தார்கள்” என்பது அடுத்த வாதம். யாரைப் பார்த்தோம்? மேடையேறிப் பேசுகிறவர் பிழைத்தவர். பேட்டி கொடுக்கிறவர் பிழைத்தவர். அவரிடம் எப்படி மீண்டீர்கள் என்று கேட்டால் “தன்னம்பிக்கைதான்” என்கிறார், அவர் மனமாரச் சொல்கிறார். அதே தன்னம்பிக்கையோடு இருந்து இறந்தவரிடம் மைக்கை நீட்ட யாராலும் முடியாது. இன்னொன்றும் உண்டு. மருந்து வேலை செய்து கட்டி சுருங்கும்போது பசி வருகிறது, தூக்கம் வருகிறது, முகம் தெளிகிறது. பார்க்கிறவர்கள் தெளிந்த முகத்தைப் பார்த்துவிட்டு, முகம் தெளிந்ததால் கட்டி சுருங்கியது என்கிறார்கள்.

அக்காவுக்குக் கீமோ ஏற்றும் அதே நாட்களில் வந்துகொண்டிருந்தவர் ஒருவர், கோவில்பட்டிப் பக்கம் டீக்கடை வைத்திருந்தவர். வயிற்றில் புற்று. அந்த வார்டையே கலகலப்பாக வைத்திருந்த மனிதர். நர்ஸுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், புதிதாக வந்து அழுதுகொண்டிருப்பவர்களிடம் போய் உட்கார்ந்துகொள்வார். ஊசி ஏறும்போதுகூடக் கதை சொல்வார். அவர் இறந்து சில வாரம் கழித்து, ஏதோ சான்றிதழ் வாங்க வந்திருந்த அவர் மனைவியை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். மஞ்சள் பை மடியில் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்டது இதைத்தான்:

“அவுக எப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தான தம்பி இருந்தாக? நாந்தான் ராத்திரி ராத்திரி அழுதேன். தூங்கிட்டாகனு நெனச்சு அழுதேன். அத அவுக பாத்துருப்பாகளோ? அதுல மனசு விட்டுப்போச்சோ?”

இதற்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? வயிற்றுப் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி இறந்துபோன ஒரு மனிதரின் மரணத்துக்கு, அவர் பக்கத்தில் கிடந்து ராப்பகலாகப் பாடுபட்ட பெண் தன் கண்ணீரைக் காரணமாக்கிக்கொண்டிருக்கிறாள். இந்த எண்ணம் அந்த அம்மாவுக்குத் தானாகவா வந்தது? “நீ அழுதா அவன் ஒடைஞ்சு போயிருவான், நீதான் தைரியமா இருக்கணும்” என்று எட்டு மாதமாகச் சொல்லிச் சொல்லி நாம் ஏற்றியது. ‘தைரியத்தால் பிழைக்கலாம்’ என்று சொல்லும் வாய், ‘பிழைக்காதவன் தைரியமில்லாதவன்’ என்பதையும் சேர்த்தே சொல்கிறது. முதல் பாதியைக் கேட்டுப் பிழைத்தவர் பெருமைப்படுகிறார். இரண்டாம் பாதியைச் செத்தவர் வீட்டார் காலமெல்லாம் சுமக்கிறார்கள்.

“உங்க அழுகைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. டாக்டர்கிட்டயே கேளுங்க” என்றேன். அந்த அம்மா நம்பியதாகத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

காய்ச்சலை மறைப்பதைப் போலவே வலியையும் மறைக்கிறார்கள். வலி என்று சொன்னால் நோய் முற்றிவிட்டதாக வீட்டார் பயப்படுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். மார்ஃபின் என்றதும் “அது கடைசியில கொடுக்கிறது, அத வாங்கிட்டா ஆள் அவ்ளோதான்” என்று வீட்டார் தடுக்கிறார்கள். முறையாக அளவு பார்த்துக் கொடுக்கும் மார்ஃபின் வலியை அடக்கும் மருந்து, சாவுக்கு முன்னறிவிப்பு அல்ல. வலி அடங்கினால் மனிதர் தூங்குவார், நாலு வாய் சாப்பிடுவார், அடுத்த சிகிச்சைக்குத் தெம்பு வரும். வலியைத் தாங்குவது வீரம் என்று யார் சொன்னாலும் அந்தக் கட்டிலில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இந்தத் தைரியக் கொள்கை பெற்ற இன்னொரு பிள்ளை, நோயாளியிடம் நோயையே மறைப்பது. “சும்மா கட்டின்னு சொல்லிவைங்க டாக்டர், தெரிஞ்சா மனசு விட்டுரும்” என்று டாக்டர் அறைக்கு வெளியே நின்று கெஞ்சும் பிள்ளைகளை எந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். ஃபைலில் ஆஸ்பத்திரிப் பெயரில் இருக்கும் ‘கேன்சர்’ என்ற சொல்லின் மேல் காகிதம் ஒட்டி மறைத்துக் கொண்டுவந்தவரை நானே பார்த்தேன். உள்ளே படுத்திருப்பவருக்கு முடி கொட்டுகிறது, பக்கத்துக் கட்டில்காரர் எல்லாம் சொல்லிவிடுகிறார், பெயர்ப்பலகை கண்ணில் படுகிறது. தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் தெரியாத மாதிரி அவர் நடிக்க, சொல்லாமல் மறைத்ததாக வீட்டார் நடிக்க, ஒரே அறைக்குள் ஆளுக்கொரு மூலையில் தனியாகக் கிடந்து பயப்படுகிறார்கள். வங்கிக் கணக்கைப் பற்றி, மகள் படிப்பைப் பற்றி, சிகிச்சை எதுவரை போகலாம் என்பதைப் பற்றி அந்த மனிதர் சொல்ல நினைத்த எதையும் சொல்ல முடியாமல் போகிறது. அது அவர் உயிர், அவர் உடம்பு. அவரைத் தவிர ஊர் முழுக்க அதைப் பற்றிப் பேசுவது அன்பு அல்ல.

எங்கள் வீட்டிலும் முதல் வாரம் அப்படித்தான் நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் அக்கா மகள்தான் உடைத்தாள். “அம்மாவுக்குக் கேன்சர்னு எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாதா?” என்று அடுக்களையில் நின்று கத்தினாள். அக்கா உள்ளறையிலிருந்து, “எனக்கும் தெரியும்ட்டி, நீ கத்தாத” என்றாள். அன்று ராத்திரி நாலு பேரும் உட்கார்ந்து அழுதோம். மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம்.

அந்த நோட்டில்தான் எங்கள் வீட்டின் பலம் முழுவதும் இருந்தது. கீமோ தேதி, அதற்கு முந்தின நாள் ரத்தப் பரிசோதனை, யார் கூடப் போவது, அன்று வீட்டில் யார் சமைப்பது. எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி. கீமோ முடிந்து எத்தனையாவது நாள் என்று பெரிய எண்ணாக மகள் எழுதுவாள். காய்ச்சல் ராத்திரிக்குப் பிறகு அதில் ஒரு பத்தி சேர்ந்தது: காலை, மாலை இருவேளை தெர்மாமீட்டர் அளவு, வலி எத்தனை, வயிறு எப்படி, வாயில் புண் உண்டா. “தைரியமா இருக்கியா?” என்று யாரும் கேட்கக் கூடாது, “இன்னைக்கு எவ்ளோ இருக்கு?” என்று கேட்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். தன் உடம்பைப் பற்றிச் சொல்வது குறை சொல்வதாகாது, கணக்குச் சொல்வது என்று ஆனதும் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

இதற்கும் ஆய்வு இருக்கிறது, அதுவும் பலன் காட்டிய ஆய்வு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரை வைத்து ஈதன் பாஷ் நடத்தியது. ஆயுள் பற்றிய முடிவு 2017இல் வந்தது. ஒரு சாராருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்கள் வாந்தி, வலி, மூச்சுத் திணறல், களைப்பு என்று தங்கள் தொந்தரவுகளை அவ்வப்போது கணினியில் பதிவு செய்தார்கள். மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும், அவர் கூப்பிட்டு விசாரிப்பார். பதிவு செய்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். தன் தொந்தரவை வாய்விட்டுச் சொன்னவர்களுக்கு ஐந்து மாதம் கூடுதலாகக் கிடைத்தது. பொறுத்துக்கொள், வெளியே காட்டாதே என்று நாம் சொல்லிக் கொடுப்பது இதற்கு நேர் எதிர்.

குடும்பம் என்ற பலத்தைப் பற்றியும் நாம் மங்கலாகத்தான் பேசுகிறோம். பாசம், பந்தம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். 2013இல் அமெரிக்காவில் 7,34,889 புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. திருமணமானவர்களுக்கு நோய் முற்றும் முன்பே கண்டுபிடிக்கப்படுவதும், உரிய சிகிச்சை முழுமையாகக் கிடைப்பதும் அதிகம். புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. “பார்த்தீர்களா, அன்பின் சக்தி” என்று சொல்லத் தோன்றும். ஆனால் பலன் எதன் வழியாக வருகிறது? “அந்தக் கட்டியப் போய்க் காட்டுங்க” என்று நச்சரிக்க ஒருவர் இருக்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒருவர் இருக்கிறார், தேதி தவறாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். அந்த ஆய்வில் இன்னொரு விஷயம் என்னை உறுத்தியது. அந்தப் பலன் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம்.

அதற்கு விளக்கம் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருநாள் உட்கார்ந்தால் போதும். கணவனுக்கு நோய் என்றால் மனைவி வேலையை விட்டுவிட்டு வந்து தரையில் பாய் விரித்துக் கிடக்கிறாள். மனைவிக்கு நோய் என்றால் அவளுடைய அம்மா வருகிறாள், தங்கை வருகிறாள், பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு மகள் வருகிறாள். கணவர்கள் வருவதில்லை என்று சொல்லவில்லை. என் அத்தான் வந்தார், சம்பளம் பிடித்தாலும் வந்தார். ஆனால் அவர் வந்ததை ஊரே மெச்சியது. மனைவி வந்தால் யாரும் மெச்சுவதில்லை. நம் பேச்சில் ‘குடும்பம் துணை நின்றது’ என்று வருமிடத்திலெல்லாம், பெரும்பாலும் ஒரே ஒரு பெண் தூங்காமல் நின்றாள் என்று படித்துக்கொள்ள வேண்டும். அவளிடம் போய்த்தான் நாம், “நீ தைரியமா இருந்தாத்தான் அவரு நல்லாயிருப்பாரு” என்கிறோம். இருக்கிற பாரம் போதாதென்று அவள் முகபாவத்தையும் மருந்துச் சீட்டில் எழுதிவிடுகிறோம்.

மனச்சோர்வே வராது என்றோ, வந்தால் கண்டுகொள்ள வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. பலருக்கு வருகிறது. சாப்பிடாமல், பேசாமல், சிகிச்சையே வேண்டாம் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சிகிச்சையை விட்டுவிட்டால் உயிருக்கு ஆபத்து. அந்த வழியில் மனம் நோயைப் பாதிக்கத்தான் செய்கிறது. ஆனால் மனச்சோர்வும் மருத்துவம் பார்க்க வேண்டிய ஒன்று. அதற்கு மருந்து இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. கால் முறிந்தவரிடம் எழுந்து நட என்று சொல்வது எப்படியோ, அப்படித்தான் சோர்ந்து கிடப்பவரிடம் தைரியமாக இரு என்பது. சாமி கும்பிடுவதையும் நேர்ந்துகொள்வதையும் நான் இதில் சேர்க்கவில்லை. அக்கா இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், போய் வந்தாள். அம்மன் அவளிடம் சிரித்த முகத்தோடு இருக்கச் சொல்லி நிபந்தனை போடவில்லை.

அடையாறு மருத்துவமனை எப்படி வந்தது என்பதை இந்த இடத்தில் நினைக்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறிய டாக்டரே கூட இருந்து பார்த்துக்கொண்டும் காப்பாற்ற முடியவில்லை. என் தங்கைக்கு மன உறுதி போதவில்லை என்று அவர் முடிவுகட்டவில்லை. சிகிச்சைக்கு இடமில்லை என்று முடிவுகட்டினார். பல ஆண்டுகள் அலைந்தார். புற்றுநோய் என்றால் சாவுதானே, அதற்கெதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று பேசிய காலம் அது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். சாவைத் தன் வீட்டில் பார்த்த ஒரு பெண் கட்டிலும் கருவியும் மருத்துவரும் வேண்டும் என்று கிளம்பியதால், லட்சக்கணக்கான வீடுகளுக்குப் பலம் கிடைத்தது.

கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் வலி நிவாரணப் பராமரிப்பைத் தொடங்கினார்கள். பிறகு அது அக்கம்பக்கத்தார் வலையாக வளர்ந்தது. ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு வாரத்தில் சில மணி நேரம் நோயாளி வீட்டுக்குப் போகிறார்கள். புண்ணைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள், அரிசி கொண்டுபோகிறார்கள், குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று பார்க்கிறார்கள். நம்மிடமும் வழிகள் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுக்கையில் கிடப்பவரை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் இருக்கிறார். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணம் கிடையாது, துணைக்குப் போகிறவருக்குக் கால்வாசிதான். எங்கள் வார்டில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த ரயில் சலுகை தெரியாது. தைரியமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அக்காவுக்குக் கீமோ முடிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, கடைசியாகக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், ஐந்து வாரம். சாத்தூருக்கும் மதுரைக்கும் இருபத்தைந்து தடவை போய்வர வேண்டும். விட்டு விட்டு வைத்தால் பலன் குறையும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் தெருவில் பால்காரர், “செவ்வாயும் வியாழனும் எனக்கு மதுரைல வேலை இருக்கு, வண்டில கூட்டிட்டுப் போறேன்” என்றார். பள்ளியில் அக்காவோடு வேலை செய்த சமையலர் அம்மா வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மீதி நாட்களை நானும் அத்தானும் பங்கு போட்டுக்கொண்டோம். நோட்டில் ஒரு நாளும் காலியாக இல்லை. அந்த இரண்டு பேரும் எங்களிடம் தைரியம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அக்கா மூன்றாவது வாரத்தில் காரில் அழுதுகொண்டே போனாள், அழுதுகொண்டே வந்தாள், ஒரு நாள்கூடத் தவறவில்லை.

உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்போது யாருக்காவது கீமோ நடந்துகொண்டிருக்கும். பார்க்கப் போவீர்கள். போங்கள். போய், “நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போறா?” என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம், “இன்னைக்கு ராத்திரி நான் இருக்கேன், நீ போய்ப் படு” என்று சொல்லுங்கள். அவர்கள் அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்காருங்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் ஏற்கெனவே நாலைந்து சேர்ந்திருக்கும். நீங்கள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு போங்கள். 100.4க்கு மேல் போனால் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எழுதி, அதன் கீழே உங்கள் போன் நம்பரையும் எழுதி, கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.